கண்ணாடிக்கை ஆல்பி

அந்தப் பெயர் முதலில் எனக்கு இடப்பட்டது. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

எங்கள் ஊர் மன்றத்தின் மேற்குச் சுவரில், குதிரைப் பந்தயக் கோப்பைகளுக்கும் போரில் மாண்டவர்களின் பெயர்ப்பலகைக்கும் நடுவே ஒரு படம் தொங்குகிறது. நீலப் பனியன் அணிந்த ஒருவன், கொழுத்த மெரினோ ஆடு ஒன்றை மடியில் சாய்த்துப் பிடித்தபடி சிரிக்கிறான். கீழே பித்தளைத் தகட்டில் ‘கண்ணாடிக்கை ஆல்பி’ என்று பொறித்திருக்கிறார்கள். ஆல்பி கெர்னட் சென்ற குளிர்காலத்தில் இறந்தான். இறுதிச் சடங்கில் இடம் போதாமல் பாதிப்பேர் வெளியே நின்றார்கள். என் மனைவியும் அழுதாள். என் சகோதரனின் சடங்கில்கூட அவள் அப்படி அழவில்லை.

மன்றத்துச் செயலாளர் அம்மாள் என் வீட்டுக்கு வந்தார். “வெளியூர்க்காரங்க வந்து பாத்துட்டு, இவருக்கு ஏன் இந்தப் பேருன்னு கேக்கறாங்க, ஹெட்லி. நீங்கதான் பழைய காகிதத்தையெல்லாம் பத்திரமா வச்சிருக்கீங்க. நீங்களே எழுதிக் குடுத்துடுங்களேன்” என்றார்.

வைத்திருக்கிறேன் என்பது உண்மை. கொட்டகைக் கணக்குச் சீட்டுகள், மருத்துவரின் கடிதங்கள், காப்பீட்டு நிறுவனத்தின் மறுப்புகள் எல்லாம் ஆண்டுவாரியாகக் கட்டி வைக்கப்பட்டுள்ளன. ஆனால் இங்கே நான் எழுதப்போவது எந்தக் காகிதத்திலும் இல்லை. அது ஒரு தீக்குச்சியில் நடந்தது.

ஆல்பி, ரயில் பாதை பழுதுபார்ப்பவர் ஒருவரின் நான்காவது மகன். பள்ளியைப் பாதியில் விட்டு, ஆட்டுக் கம்பளி கத்தரிக்கும் கொட்டகைக்கு வந்தான். கம்பளித் துணுக்குகளைப் பெருக்கித் தள்ளுவதில் தொடங்கி, மற்றவர்கள் தேநீருக்குப் போகும் இடைவெளிகளில் கத்தரிப்புக் கருவியைக் கையில் எடுத்துக் கற்றுக்கொண்டான். நானும் அதே கொட்டகையில், அதே பருவத்தில், அதே விதமாகத்தான் கற்றேன். என் ஆடுகள் உதைத்தன. அவன் ஆடுகள், முடிதிருத்தகத்தில் உட்கார்ந்த புதுமாப்பிள்ளை போலத் தலையைச் சாய்த்து அடங்கிக் கிடந்தன. கருவியை அவன் ஓட்டுவதைப் பார்த்தால் வேலை செய்கிறான் என்றே தோன்றாது. ஆட்டின் கழுத்திலிருந்து கம்பளி, போர்வையை விலக்குவதுபோல ஒரே விரிப்பாகக் கழன்று விழும். பண்ணை நாய்கள் என்னைத் தாண்டிப்போய் அவன் காலடியில் படுக்கும். ஒரு மனிதனிடம் இத்தனையும் ஏன் கொட்டிக் கிடக்க வேண்டும் என்று நான் பல பருவங்கள் யோசித்திருக்கிறேன்.

ஒரு கொட்டகையில் மிக அதிக ஆடுகளைக் கத்தரிப்பவனை ‘ரிங்கர்’ என்போம். அவனுக்கு முன் நான் ரிங்கராக இருந்தேன். இயற்கை கொடுக்காததை முறையால் ஈட்டினேன்: ஒவ்வொரு வீச்சையும் எண்ணி, எந்த அடியை வீணாக்குகிறேன் என்று பார்த்து, ஒவ்வொன்றாகக் குறைத்தேன். பிறகு என் வலது மணிக்கட்டு போயிற்று.

கட்டைவிரலின் அடியில் தொடங்கிய வலி அது. ஒரு வாரத்தில் சட்டைக் கையின் விளிம்பு உரசினாலே பல்லைக் கடிக்க வேண்டியதாயிற்று. காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய மருத்துவர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என் கையைத் தொடவில்லை. ‘குறைபாடு எதுவும் இல்லை’ என்று எழுதினார். அந்தக் கடிதத்துடன் கொட்டகைக்குத் திரும்பிய அன்று, தேநீர் நேரத்தில் எல்லோர் முன்னிலையிலும் ஆல்பி சொன்னான்:

“படத்துல ஒண்ணும் தெரியலியாம். தொட்டா மட்டும் உடையுதாம். அப்ப இது கண்ணாடிக்கைப்பா!”

கொட்டகை முழுதும் சிரித்தது. அவன் வஞ்சமாகச் சொல்லவில்லை. அவன் எதையும் வஞ்சமாகச் சொன்னதில்லை. அதனால்தான் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வலியைக் கற்பித்துக்கொள்பவன், வேலைக்குக் கள்ளன் என்ற அர்த்தம் அதோடு சேர்ந்தே ஒட்டியது. வீக்கம் தணிந்து வேலைக்கு மீண்டபோது என் வேகம் குறைந்திருந்தது. ரிங்கர் பட்டம் ஆல்பியிடம் போயிருந்தது. மூன்று ஆண்டுகள் அப்படியே கழிந்தன.

டார்லிங் ஆற்றுக்கு மேற்கே விர்ரபில்லா என்ற பண்ணையில் அந்தக் குளிர்காலத்தில் நாங்கள் ஐந்து பேர் கத்தரித்துக்கொண்டிருந்தோம். ஆல்பி, நான், குயில்ட்டி சகோதரர்கள் இருவர், டார்சி என்ற துடுக்கான இளைஞன். எங்களைக் கூட்டிவந்த ஒப்பந்தக்காரர் மெர்வின். சமையல் ஐவி. குயில்ட்டிகளில் மூத்தவரான டெஸ் எங்கள் தொழிலாளர் பிரதிநிதி.

ஓர் இரவு தூறல் விழுந்தது. ஈரக் கம்பளியைக் கத்தரித்தால் கொப்புளம் வரும், மூட்டு பிடித்துக்கொள்ளும் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் நம்புவது. ஆகவே வாக்கெடுப்பு வழக்கம் உண்டு. ஆளுக்கு இரண்டு ஆடு கத்தரித்துப் பார்த்துவிட்டு, ஈரமா உலர்வா என்று ரகசியமாக வாக்களிக்க வேண்டும். பெரும்பான்மை ‘ஈரம்’ என்றால் அன்று யாரும் கருவியைத் தொடக்கூடாது, கூலியும் கிடையாது. டெஸ் காகிதச் சீட்டை நம்பமாட்டார், கையெழுத்து காட்டிக்கொடுக்கும் என்பார். ஆகவே தீக்குச்சி. அடுக்கி வைத்த கம்பளிப் பொதிகளுக்குப் பின்னால் ஒரு ஜாம் டப்பா இருக்கும். ஒவ்வொருவராகப் போய், உலர்வு என்றால் முழுக் குச்சியையும், ஈரம் என்றால் ஒடித்த குச்சியையும் போட்டுவிட்டு வர வேண்டும்.

டெஸ் டப்பாவைக் கம்பளி மேசையின்மேல் கவிழ்த்தார். இரண்டு முழுக் குச்சிகள். மூன்று ஒடிந்தவை.

“ஈரம்” என்றார் டெஸ்.

டார்சி குனிந்து ஒடிந்த குச்சிகளில் ஒன்றை எடுத்தான். அது ஒடிக்கப்படவில்லை, கடிக்கப்பட்டிருந்தது. நடுவில் பல் பதிந்து நார் நாராகப் பிய்ந்து தொங்கியது.

“அட, இதப் பாருங்கய்யா! ஒரு தீக்குச்சிய விரலால ஒடிக்க முடியாம எவனோ எலி மாதிரிக் கடிச்சுப் போட்டிருக்கான். யாரா இருக்கும்?” என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

சிரிப்பு எழுந்தது. அவர்களின் கணக்கு எனக்கும் விளங்கியது. குயில்ட்டிகள் வானத்தில் ஒரு மேகம் தெரிந்தாலே ‘ஈரம்’ போடுகிறவர்கள். இரண்டு குச்சி அவர்களுடையது. டார்சிக்கு ஆடு எண்ணிக்கைதான் உயிர், அவன் உலர்வு. ரிங்கர் ஒருவன் ஈரம் போட்டதாக எந்தக் கொட்டகையிலும் கேள்விப்பட்டதில்லை. மிஞ்சியது நான். ஆனால் நான் போட்டது முழுக் குச்சி.

“நான் போடல” என்றேன்.

“யாரும் உன்னக் கேக்கலியே, கண்ணாடிக்கை” என்றான் டார்சி. “ஓட்டு ரகசியம்ல!”

மெர்வின் என்னைத் தனியே வேலியோரம் அழைத்துப்போனார். “இங்க பாரு, ஹெட்லி. கை நோவுதுன்னா நோவுதுன்னு சொல்லிட்டுப் போ. உன் கைக்கு ஓய்வு குடுக்க என் கொட்டகையவே நிறுத்தாத. இன்னொரு நாள் இப்படிப் போச்சுன்னா, அடுத்த பண்ணைக்கு வண்டியில உனக்கு இடம் இல்ல.”

“நான் உலர்வுதான் போட்டேன், மெர்வின்.”

“சரி, சரி” என்றார், நம்பாதவர்கள் சொல்லும் விதத்தில்.

ஒப்பந்தக்காரர் ஒருவர் கைவிட்டால் மற்றவர்கள் காரணம் கேட்பார்கள். காரணம் அந்தப் பெயராக இருக்கும். என் தொழில் அந்தக் கடிபட்ட குச்சியில் தொங்கிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தேன். ஆல்பி பொதியில் சாய்ந்து, இடது கையால் தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தான். என் கண்ணைப் பார்க்கவில்லை.

மறுநாள் வெயில் வந்து ஆடுகள் உலர்ந்தன, வேலை நடந்தது. ஆல்பி வழக்கம்போல எங்கள் எல்லோரையும் முந்தினான். மாலையில் கொட்டகைக்கு வெளியே ஐவி பீங்கான் பூச்சு பூசிய அகன்ற பாத்திரத்தில் வெந்நீரும் சோப்பும் வைப்பாள். ஆட்டுக் கொழுப்பின் பிசுக்கு குளிர்நீரில் போகாது. ஆல்பி முதலில் போய் இரண்டு கைகளையும் முக்கினான். அடுத்த கணமே வலது கையைப் பிடுங்கி எடுத்தான். நீர் என் பூட்ஸ்வரை தெறித்தது.

“அய்யோ! கொதிக்கிற தண்ணிய எவன் வச்சான்? தோலு உரிஞ்சிடும்!”

ஐவி அடுக்களை வாசலில் இருந்தே கத்தினாள். “கொதிக்கிறதா? அது வச்சு எவ்ளோ நேரமாச்சு தெரியுமா? அதுல கைக்குழந்தையக் குளிப்பாட்டலாம், ராசா!”

அவனுடைய இடது கை இன்னும் நீருக்குள்ளேயே இருந்தது. அது கதறவில்லை. நான் போய் என் இடது கையை அதே பாத்திரத்தில் விட்டேன். ஆறத் தொடங்கிய தேநீர் போல வெறும் இளஞ்சூடு. அந்தக் கணத்தில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ஏனெனில் மூன்று ஆண்டுகளுக்கு முன் என் வலது கை அதே இளஞ்சூட்டில் இப்படித்தான் வெந்தது.

காரணத்தை அப்போது நான் அறியேன். அதன் பிறகு, நூலகம் வழியாக நகரத்திலிருந்து வரவழைத்த நூல்களைப் பல குளிர்காலங்கள் படித்து அறிந்தேன். கட்டைவிரலை இழுக்கும் தசைநார்கள் மணிக்கட்டில் ஒரு குறுகலான உறைக்குள் ஓடுகின்றன. ஓயாமல் உராய்ந்தால் அவ்விடம் வீங்கி அழற்சி கொள்ளும். அழற்சி கண்ட இடத்தில், நொந்துபோன திசுவும் உதவிக்கு ஓடிவரும் வெள்ளணுக்களும் பலவகை வேதிப்பொருள்களைக் கசியவிடுகின்றன. அவை வீக்கத்தை உண்டாக்குவதோடு நிற்பதில்லை. அங்கே முடியும் உணர்வு நரம்புகளையே மாற்றிவிடுகின்றன. நரம்பின் நுனியில் கண்ணுக்குத் தெரியாத வாயில்கள் உள்ளன. அவற்றில் ஒன்று, தோலை வேகவைக்கும் சூடு வந்தால் மட்டும் திறந்து ‘சுடுகிறது’ என்ற செய்தியை மேலே அனுப்பும். அழற்சியின் வேதிப்பொருள்கள் அந்த வாயிலின் தாழ்ப்பாளைத் தளர்த்திவிடுகின்றன. அதன் பிறகு வெந்நீர் தேவையில்லை, இளஞ்சூடே திறந்துவிடும். நசுக்கினால் மட்டும் விழிக்க வேண்டிய நரம்புகள் சட்டை உரசினாலே விழித்துக்கொள்கின்றன. நலமாக உள்ள காலத்தில் எந்தத் தொடுதலுக்கும் அசையாமல் உறங்கிக் கிடக்கும் சில நரம்புகள்கூட எழுந்து குரல் கொடுக்கத் தொடங்குகின்றன.

இதைவிட என்னை வியக்க வைத்தது வேறொன்று. இந்த நரம்பணுக்களின் உடல் கையிலேயே இல்லை. அது முதுகுத்தண்டின் பக்கத்தில், கழுத்தருகே ஒரு சிறு முடிச்சில் இருக்கிறது. கையிலிருந்து செய்தி போகப் போக, அந்த அணு இன்னும் அதிக வாயில்களைச் செய்து கைக்கு அனுப்புகிறது. ஆகவே வீக்கம் வடிந்த பின்னும் கை நெடுநாள் கூசுகிறது. எக்ஸ்ரே படத்தில் எலும்பு தெரியும். தாழ்ப்பாள் தளர்ந்த வாயில் தெரியாது. நீர் சூடாக இல்லை என்று ஐவி சொன்னது உண்மை. அது சுட்டது என்று ஆல்பி சொன்னதும் உண்மை. எனக்காக இதைச் சொல்ல அன்று எவரும் இருக்கவில்லை.

ஆல்பி ஆட்டுத் தொட்டியின் பக்கம் போனான். நானும் பின்னாலேயே போனேன். குளிர்நீரில் முழங்கைவரை கையை விட்டு, கண்களை மூடி உட்கார்ந்திருந்தான்.

“எத்தன நாளா?” என்று கேட்டேன்.

கண்ணைத் திறந்தான். பொய் சொல்லலாமா என்று யோசித்தது முகத்தில் தெரிந்தது. பிறகு விட்டுவிட்டான். “போன பண்ணையிலேர்ந்து. கருவியப் புடிச்சு ஓட்ட ஆரம்பிச்சா கொஞ்ச நேரத்துல மரத்துப் போயிடுது. நிறுத்துனாதான் உயிர் போவுது.”

“குச்சியக் கடிச்சது நீ.”

“ஒரு நாள் ஓய்வு கெடைச்சா சரியாயிடும்னு பாத்தேன், ஹெட்லி. ஒடிக்கலாம்னுதான் முதல்ல பாத்தேன். கட்டைவிரல அழுத்தவே முடியல. தீக்குச்சி! சிரிப்பா இருக்கில்ல?”

“எனக்குச் சிரிப்பு வரல. அத நான் கடிச்சேன்னு நினைக்கறாங்க. மெர்வின் என்னய வண்டியேத்தி அனுப்பப் போறான்.”

அவன் கையை நீருக்குள் திருப்பினான். “இந்தப் பண்ணை முடியட்டும். ரிங்கராவே முடிச்சுட்டுப் போயிடறேன். அப்புறம் நானே சொல்றேன்.”

“ஏன், இப்பச் சொன்னா என்ன?”

“என்ன கூப்பிடுவாங்கன்னு உனக்குத் தெரியாதா?”

“எனக்குத் தெரியும்” என்றேன். “யார் வச்ச பேருன்னும் தெரியும்.”

தொட்டி ஓரத்தில் கிடந்த நாய் எழுந்துவந்து அவன் முழங்காலில் முகத்தை வைத்தது. என் முழங்கால் அதே தூரத்தில்தான் இருந்தது.

அந்த வாரக் கடைசியில் மறுபடி தூறியது. காலையில் ஆளுக்கு இரண்டு ஆடு கத்தரித்தோம். கம்பளியைத் தொட்டால் ஈரமா உலர்வா என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாத பதம். மெர்வின் கதவருகே கைகட்டி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். டெஸ் தீப்பெட்டியை நீட்டினார். ஒவ்வொருவராகப் பொதிகளுக்குப் பின்னால் போய்வந்தார்கள். ஆல்பி போனான், சற்றுத் தாமதித்து வந்தான், புறங்கையால் உதட்டைத் துடைத்தான். உதட்டில் ஒட்டியிருந்த மரச்சிராயை நான் கண்டேன். வேறு யாரும் காணவில்லை. மற்றவர்களுக்கு அது வெறும் வாய்.

கடைசி ஆள் நான். பொதிகளுக்குப் பின்னால் போகவில்லை. கம்பளி மேசைக்கு நேராகப் போய், என் தீக்குச்சியை, முழுக் குச்சியை, எல்லோர் கண்ணிலும் படும்படி நடுவில் வைத்தேன்.

“இது என் ஓட்டு. உலர்வு.”

டெஸ் பதறிப்போனார். “ஹெட்லி! எடு அத! உள்ள போய் டப்பால போடு. எவன் என்ன போட்டான்னு எவனுக்கும் தெரியக்கூடாது. அதுக்குத்தானே இத்தன கூத்து!”

“மூணு வருஷமா என் ஓட்டு எல்லாருக்கும் தெரிஞ்ச மாதிரிதானே பேசறீங்க. இன்னிக்கு நெஜமாவே தெரிஞ்சுக்கங்க. இப்ப டப்பாவக் கவுத்துங்க.”

டார்சியின் சிரிப்பு பாதியில் நின்றது. அவனும் கணக்குப் போட்டுவிட்டான் போலும். டெஸ் டப்பாவைக் கையில் எடுத்தார். கவிழ்க்க மனமில்லாமல் நின்றார். வழக்கம் அவர் கையைப் பிடித்திருந்தது.

“கவுக்காத, டெஸ்” என்றான் ஆல்பி.

அவன் முன்னே வந்து டெஸ்ஸின் தீப்பெட்டியிலிருந்து ஒரு புதுக் குச்சியை எடுத்தான். வலது கையின் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே பிடித்து, எல்லோர் எதிரிலும் ஒடிக்க முயன்றான். குச்சி வளையக்கூட இல்லை. அவன் முகம் ரத்தம் வற்றிச் சுண்ணாம்பாய் வெளுத்தது. நெற்றியில் வியர்வை துளிர்த்தது. இரண்டாம் முறை அழுத்தியபோது அவன் தொண்டையிலிருந்து ஒரு சிறு ஒலி வந்தது. குச்சி தரையில் விழுந்தது. குனிந்து இடது கையால் அதை எடுத்து, பல்லுக்கிடையில் வைத்துக் கடித்து மேசைமேல் போட்டான்.

“போன தடவையும் நான்தான். அன்னிக்கும் ஹெட்லி உலர்வுதான் போட்டான். அவனுக்கு மூணு வருஷமா இதே நோவு. படத்துல தெரியாதுன்னு சிரிச்சது நான், பேர வச்சதும் நான். இனிமே அந்தப் பேரு எனக்கு.”

இந்த இடத்துக்காக நான் மூன்று ஆண்டுகள் காத்திருந்தேன். என் பெயரைச் சுத்தம் செய்யும் சொற்கள், எல்லோர் முன்னிலையிலும், அந்தப் பெயரைச் சூட்டியவனின் வாயாலேயே வந்துவிட்டன. ஒன்றும் பாக்கியில்லை. இனி என்னைப் பார்ப்பார்கள் என்று நிமிர்ந்து நின்றேன்.

மெர்வின் தொப்பியைக் கழற்றினார், ஆல்பியைப் பார்த்து. “இந்தக் கையோடயாய்யா இத்தன நாளா எல்லாரையும் முந்திக்கிட்டு இருந்த?”

டார்சி தன் புகையிலைப் பையை எடுத்து ஒரு சிகரெட் சுருட்டி ஆல்பியின் உதட்டில் வைத்து, தானே பற்றவைத்தான். இளைய குயில்ட்டி உட்காரப் பெட்டி கொண்டுவந்தார். ஐவி குளிர்நீரில் நனைத்த துணியோடு ஓடிவந்து, “இப்படி நோவ வச்சுக்கிட்டா சிரிச்ச மொகமா இருந்த? கல்லு மனசுய்யா உனக்கு. குடு கைய, கண்ணு, மெதுவாக் குடு” என்று அந்த மணிக்கட்டைச் சுற்றினாள். எனக்கு நோவு கண்ட நாளில் இதே ஐவி என்னை உருளைக்கிழங்கு உரிக்கச் சொன்னவள்.

“ஏய், எல்லாரும் வாங்கப்பா!” என்று கத்தினான் டார்சி. “கண்ணாடிக்கை ஆல்பிக்கு ஒரு டீ ஊத்துங்க! சக்கரைய நானே கலக்கறேன், பாவம் கரண்டி கனமா இருக்கும்!”

எல்லோரும் சிரித்தார்கள். அதே பெயர். அதே வாய்கள். ஆனால் சிரிப்பு வேறாக இருந்தது; குழந்தைக்குச் செல்லப் பெயர் வைத்தது போல் இருந்தது. என்மேல் கல்லாக விழுந்த சொல் அவன் கழுத்தில் மாலையாக விழுந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்தப் பெயரை ஒழிக்க மூன்று ஆண்டுகள் போராடியவன், அதை அவனிடமிருந்து பிடுங்கிக்கொள்ள வேண்டும் என்று அந்த நிமிடம் விரும்பினேன். இது எப்படிச் சாத்தியம் என்று கேட்பவர்கள் ஆல்பி கெர்னட்டோடு ஒரே கொட்டகையில் வேலை செய்திராதவர்கள்.

டெஸ் மட்டும் என் பக்கம் திரும்பினார். “ஹெட்லி, உன் குச்சிய எடுத்துக்க. மேசை ஈரம், நமுத்துடும்” என்றார்.

மெர்வின் என்னைக் கைவிடவில்லை. ஆல்பி விலகியதால் விர்ரபில்லாவின் ரிங்கராக நான்தான் அந்தப் பருவத்தை முடித்தேன். கணக்குச் சீட்டு என்னிடம் உள்ளது. ஊரில் யாருக்கும் அது நினைவில்லை. விர்ரபில்லா என்றால் ஆல்பி குச்சி கடித்த பண்ணை.

பிறகு அவன் என் வீட்டுக்கு வந்தான். காப்பீட்டு நிறுவனத்துக்கு விண்ணப்பம் எழுத வேண்டும். அவனால் பேனா பிடிக்க முடியவில்லை, பிடித்தாலும் எழுத வராது. “உனக்குத்தான் எல்லா வாசகமும் தெரியும், ஹெட்லி” என்றான். என் மனைவி அவனுக்குத் திராட்சை கேக் வெட்டி வைத்தபடி என்னைப் பார்த்தாள். நான் மறுக்க முடியாத இடத்தில் இருந்தேன். என்னுடைய விண்ணப்பத்தின் நகலை எடுத்து, பெயரையும் தேதியையும் பண்ணையையும் மட்டும் மாற்றி, வரிக்கு வரி அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

அவனை வேறொரு மருத்துவர் பார்த்தார். படத்தில் அவனுக்கும் எதுவும் தெரியவில்லை. அவர் படத்தை ஓரமாக வைத்துவிட்டு, கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கச் சொல்லி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாக மெல்லச் சாய்த்தாராம். ஆல்பி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டானாம். அவ்வளவுதான் சோதனை. விண்ணப்பம் ஏற்கப்பட்டது. என் மறுப்புக் கடிதமும் அவனுடைய ஏற்புக் கடிதத்தின் நகலும் ஒரே உறையில் இருக்கின்றன. வாசகங்கள் ஒன்றே, கை வேறு.

ஆல்பி அதன் பிறகு கத்தரிக்கவில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டினான். வலது கையைச் சக்கரத்தின்மேல் சும்மா வைத்துக்கொண்டு இடது கையால் வளைப்பான். ஊரின் இரண்டு தலைமுறைப் பிள்ளைகள் அவன் பேருந்தில் போனார்கள். பின் இருக்கையில் அடித்துக்கொள்ளும் பிள்ளைகளைத் திட்டாமல் ஏதோ ஒன்று சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவான் என்று என் மகளே சொல்வாள். ‘கண்ணாடிக்கை மாமா’ என்றுதான் அவர்கள் கூப்பிட்டார்கள். புதிதாக வந்த ஆசிரியர்களுக்கு அவன் அந்தப் பெயரை விளக்கும்போதெல்லாம், “இது எனக்கு ஹெட்லிகிட்டேர்ந்து வந்தது” என்று மறக்காமல் சொல்வான். எத்தனை அடக்கமான மனிதர் என்று அவர்கள் சொல்வார்கள்.

பித்தளைத் தகட்டில் ‘இரண்டாமவர்’ என்று ஒரு சொல்லைச் சேர்க்கும்படி மன்றத்துக்கு எழுதியுள்ளேன். பதில் வரவில்லை. நகல் இருக்கிறது.

கடைசியாக அவனைப் பார்த்தது மருத்துவமனையில். நெஞ்சு நோய், கைக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் ஊசி ஏற்றிய இடம் வீங்கி, அந்தப் பழைய மணிக்கட்டுவரை சிவந்திருந்தது. இளம் செவிலி ஒருத்தி துடைத்துவிடுவதற்காகப் பாத்திரத்தில் வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். ஆல்பி என்னைக் காட்டி, மூச்சு வாங்கிக்கொண்டே, “இவன்தான் அசல் கண்ணாடிக்கை. நான் சும்மா… இரவல்” என்றான்.

“இந்த நெலமையிலயும் உங்களுக்கு விட்டுக்குடுக்கற கொணத்தப் பாருங்க சார்” என்று செவிலி என்னிடம் சொன்னாள். கண் கலங்கியிருந்தாள்.

அவள் துணியை நனைக்கப் போகும் முன், என் இடது கையையும் பிறகு வலது மணிக்கட்டையும் அந்த நீரில் வைத்துப் பார்த்தேன். இடது கைக்கு அது ஒன்றுமே இல்லை. வலது கைக்குச் சுட்டது. “கொஞ்சம் இரும்மா” என்று சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போய், குளிர்நீரைச் சிறிது சிறிதாக ஊற்றி, என் மணிக்கட்டு பொறுக்கும்வரை கலந்து கொண்டுவந்து கொடுத்தேன்.

அவள் துடைத்தாள். ஆல்பி கையை இழுக்கவில்லை.

“சரியா இருக்கு” என்றான், அவளைப் பார்த்து.